எரிவாயு வாணிகமும் அதற்குரிய காப்பும்

(செண்பகத்தோப்பில் கூடிய நம் சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிக்கூடத்தில் இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பதே எமது தொழில். ஆதலின் இன்று யாம் தமிழைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ பேசுவோம் என்று உங்களிற் பலர் எதிர்பார்த்திருத்தல் கூடும். ஆனால் நம் தலைவரவர்கள், எரிவாயு வாணிகத்தில் உள்ள அபாயங்களையும் அதற்குரிய இன்ஷியூரன்ஸையும் எல்லோர்க்கும் விளங்கும்படி சொல்லுமாறு எம்மைப் பணித்தார்கள். அவ்வாணிகத்தில் ஈடுபட்டோர் இச்சபையிற் பலர் இருக்க, எம்மை ஏன் பணித்தார்கள் என்று எண்ணிப் பார்த்தோம். சட்டங்களும் பாலிஸிகளும் படித்தற்கு அரிய நடையில் எழுதப்பட்டுள்ளன. அரிய நூலைப் படித்துப் பொருள் சொல்வது தமிழாசிரியன் வேலை. அதனாற்றான் பணித்தார்கள் போலும் எனத் தெளிந்தோம். ஆகவே உரையாசிரியன் நூலுக்கு உரை சொல்லும் முறையில் இப்பொருளைச் சொல்லப் புகுகின்றோம். குற்றம் இருப்பின் பொறுத்துக் குணம் இருப்பின் கொள்வீர்களாக.

நாம் கூடியிருக்கும் இடத்தையே முதலில் நோக்குவோம். மேற்கே மலைத்தொடர், அடியிலே தோப்புக்களும் ஓடையும், அப்பால் காட்டழகர் கோயிலுக்குச் செல்லும் வழி. இக்காடு 1988-ஆம் ஆண்டில் சாம்பல் நிற அணில்களுக்குரிய சரணாலயமாயிற்று. 2021-ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. முன்னாளில் மலையடி ஊர்களின் அடுப்புக்கள் காட்டு விறகை நம்பி எரிந்தன. விறகுக்கட்டைத் தலையிற் சுமந்து இறங்கிய பெண்களைக் கண்ட முதியோர் நம்முள் இன்றும் உளர். அச்சுமையை இறக்கிவைத்தது எரிவாயு. 1955-இல் பம்பாயிலும் 1965-இல் கல்கத்தாவிலும் செல்வர் வீடுகளில் முதன்முதல் புகுந்த அப்பொருள், 2009-இல் சிற்றூர் வினியோகத் திட்டம் வந்தபின்னும், 2016 மே 1-ஆம் தேதி உஜ்வலா திட்டம் தொடங்கியபின்னும் குக்கிராமங்களையும் எட்டிவிட்டது. காட்டுக்கும் நன்மை; கண்ணெரிய அடுப்பூதிய தாய்மார்க்கும் நன்மை. இதனை யாம் மறுப்பாரல்லேம்.

இதனால் நம் மக்களுக்குப் புதிய பிழைப்பும் கிடைத்தது. சிலர் நகையை அடகுவைத்து ஏஜன்ஸி எடுத்திருக்கின்றனர். பலர் உருளை கொண்டுசெல்லும் வண்டிகளில் வேலை செய்கின்றனர். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஹோட்டலும் மிட்டாய்க்கடையும் வைத்திருப்போர் இவ்வாயுவைக் கொண்டே தொழில் நடத்துகின்றனர். இவர் எல்லோர்க்கும் உரியதொரு கேள்வி உண்டு: ஒருநாள் தவறு நேர்ந்தால் யார் யாருக்கு எது கிடைக்கும்? "பாலிஸி இருக்கிறது" என்று எல்லோரும் சொல்லுகின்றனர். யாருடைய பாலிஸி, யாருக்காக, எதற்காக என்று கேட்டால் விடை சொல்வார் சிலரே. அவ்விடையைத் தெளிவுபடுத்துதலே இச்சொற்பொழிவின் நோக்கம்.

வாயுவின் இயல்பு

பகைவனை வெல்ல விரும்புவோன் அவன் இயல்பை முன்னர் அறிதல் வேண்டும். நம் நாட்டில் உருளையில் அடைத்து விற்கும் எரிவாயு, புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டும் கலந்தது. அதனை அழுத்தி நீர்மமாக்கி அடைக்கின்றனர். வெளிவரும்போது அந்நீர்மம் ஆவியாகி, ஒரு படி ஏறக்குறைய 250 படியாக விரியும். வீட்டு உருளையில் இருப்பது 14.2 கிலோ, கடைகளுக்குரிய உருளையில் 19 கிலோ. அளவு சிறிதாயினும் விரிந்தால் ஒரு வீட்டையே நிறைக்கவல்லது.

இரண்டாவது இயல்பு கனம். புரொப்பேன் காற்றைக் காட்டிலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமுடையது. பியூட்டேன் இரண்டு மடங்கு. ஆதலின் கசிந்த வாயு புகைபோல் மேலெழாது; தண்ணீர்போலத் தரையோடு ஓடிப் பள்ளத்தை நாடும். சாக்கடையிலும் நிலவறையிலும் தங்கும். மேலே உள்ள சன்னலைத் திறந்துவிட்டேன் என்று அமைதியடைவது அறியாமை. கதவையும் திறந்து, தரைமட்டத்தில் வெளியேற வழி செய்தல் வேண்டும்.

மூன்றாவது இயல்பு, சிறிதளவிலேயே தீப்பற்றுதல். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு அளவு கலந்தாலே போதும். ஒரு மின்சார ஸ்விச்சின் பொறி அதனைப் பற்றவைக்கும். வாயு நாறும்போது விளக்கைப் போடவும் கூடாது. எரியும் விளக்கை அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டு.

நான்காவது, இயற்கையில் இதற்கு மணம் இல்லை. நாம் முகரும் தீநாற்றம் மெர்காப்டன் என்னும் பொருளை வேண்டுமென்றே சேர்ப்பதனால் வருவது. 1937 மார்ச் 18-ஆம் தேதி அமெரிக்க நாட்டு டெக்ஸாஸ் மாகாணத்தில் நியூ லண்டன் என்னும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், மணமற்ற இயற்கை வாயு அடித்தளத்தில் கசிந்து நிறைந்து வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் மாணவர்கள். அதன்பின்னரே வாயுவுக்கு நாற்றம் ஊட்டும் சட்டம் அம்மாகாணத்தில் வந்தது. வகுப்பறையில் நாளெல்லாம் நிற்கும் எமக்கு இச்செய்தியைச் சொல்லும்போதே நெஞ்சம் நடுங்குகின்றது. நம் அடுக்களையில் எழும் அந்நாற்றம் அத்தனை குழந்தைகளின் உயிரை விலையாகக் கொண்டு வந்த எச்சரிக்கை. அதனை ஊதுவத்தி கொளுத்தி மறைக்க முயல்வது எத்துணைப் பேதைமை!

நிகழ்ந்தவை

இவ்வியல்புகள் ஏட்டுச்செய்தி அல்ல என்பதற்கு அண்மையில் நிகழ்ந்தவற்றையே சான்றாகக் காட்டுவோம். 2012 ஆகஸ்ட் 27-ஆம் தேதி இரவு, கேரளத்துக் கண்ணூரை அடுத்த சாலா என்னும் இடத்தில், வாயு ஏற்றிவந்த டாங்கர் லாரி சாலைத் தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. கசிந்த வாயு அக்கம்பக்கத்து வீடுகளிற் பரவிய பின்னர்த் தீப்பற்றியது. 20 உயிர்கள் போயின. அவர்களுள் வாயுவை விற்றவர் இலர், வாங்கியவரும் இலர். வழியருகே வீடு கட்டி வாழ்ந்தவர்களே அல்லற்பட்டனர்.

2025 ஜனவரி 3-ஆம் தேதி விடியற்காலையில், கொச்சியிலிருந்து 18 டன் வாயுவுடன் வந்த டாங்கர் கோயம்புத்தூர் அவிநாசி சாலை மேம்பாலத்திற் கவிழ்ந்து கசிந்தது. தீயணைப்புப் படையினர் விரைந்து வந்து இடைவிடாது நீர் பாய்ச்சினர், போக்குவரத்து நிறுத்தப்பட்டது, அருகிலுள்ள பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. ஓர் உயிரும் போகவில்லை. வாயு ஒன்றே; லாரி கவிழ்ந்ததும் ஒன்றே. கண்ணூரில் நெருப்பு முந்திற்று. கோவையில் மனிதர் முந்தினர்.

இன்னும் அருகே வருவோம். 2023 ஆகஸ்ட் 26-ஆம் தேதி மதுரை இரயில் நிலையத்தில் நின்ற யாத்திரிகர் பெட்டியொன்றில், விதிக்கு மாறாகக் கொண்டுவந்த உருளையால் தீ மூண்டு 9 பேர் மாண்டனர். நம் மாவட்டத்திலோ, உருளை இல்லாமலே தீயின் கொடுமையை அறிவோம்: 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை எரிந்து 38 பேர் உயிர் நீத்தனர். எரியும் பொருளை விற்றுப் பிழைக்கும் நாட்டில் வாழ்கின்றோம். அதற்குரிய எச்சரிக்கையும் நமக்கு மற்றவரினும் மிகுதியாக வேண்டும்.

கிட்டங்கியும் வண்டியும்

நிற்க. ஏஜன்ஸி நடத்துவோர் கடைப்பிடிக்க வேண்டியவற்றை 2016-ஆம் ஆண்டின் வாயு உருளை விதிகள் விரிவாகக் கூறுகின்றன. அவற்றுள் இன்றியமையாத சிலவற்றைத் தொகுத்துச் சொல்லுவோம்.

லைசென்ஸ் இன்றி ஒருவர் வைத்திருக்கத்தக்க எரிவாயு 100 கிலோவுக்கு மேற்படலாகாது. வீட்டு உருளையாயின் ஏழு. கடை உருளையாயின் ஐந்து. இவ்வளவே. கல்யாணக் காலத்தில் "நாலு நாளைக்குத்தானே" என்று வீட்டுப் புறக்கடையில் இருபது உருளை அடுக்குவோர், அந்நாலு நாளும் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றனர். சட்டத்துக்கு வெளியே நிற்பவனை எந்தப் பாலிஸியும் காவாது என்பதனைப் பின்னர்க் கூறுவோம்.

கிட்டங்கியின் தரை பொறி எழாததாய் இருத்தல் வேண்டும். காற்றுவழி தரையை ஒட்டியும் இருத்தல் வேண்டும்; காரணம் முன்னரே கூறினோம். உருளையை நிமிர்த்தி நிறுத்துக, படுக்கவைத்து உருட்டற்க. நிறைந்தவற்றையும் வெற்றுருளைகளையும் தனித்தனியே வைக்க. வெற்றுருளையிலும் மிஞ்சிய ஆவி உண்டு. சுற்றிலும் காய்ந்த புல் பூண்டு இல்லாதபடி களைக. நம் மலையடியில் மாசி பங்குனியில் ஒரு சருகு போதும். தீயணைப்புக் கருவியைச் சுவரில் மாட்டிவைத்தால் மட்டும் போதாது. அதனைக் கையாளப் பழகிய ஒருவர் எப்போதும் அங்கே இருத்தல் வேண்டும்.

உருளையின் கழுத்துப்பட்டையில் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். அஃது அடுத்த சோதனைக்குரிய காலம். ஏ என்பது மார்ச், பி என்பது ஜூன், சி என்பது செப்டம்பர், டி என்பது டிசம்பர் முடியவுள்ள பருவங்களைக் குறிக்கும். எண் ஆண்டைக் குறிக்கும். காலங்கடந்த உருளையை ஏஜன்ஸியார் கொடுக்கலாகாது, வாங்குவோரும் ஏற்கலாகாது. கொடுக்கும்போது எடை பார்த்துக் கசிவும் பார்த்துத் தருதல் கடமை. அதனைக் கேட்டுப் பெறுதல் தாய்மார்களின் உரிமை. ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கொருமுறை மாற்றுதல் வேண்டும். கசிவு கண்டால் 1906 என்னும் எண்ணுக்கு எந்நேரமும் தொலைபேசியில் அறிவிக்கலாம். இவ்வெண்ணை ஒவ்வொரு வீட்டு அடுக்களைச் சுவரிலும் எழுதிவைக்குமாறு வேண்டிக்கொள்கின்றோம்.

காப்பு என்பதன் பொருள்

இனி இன்ஷியூரன்ஸுக்கு வருவோம். இதனை இக்காலத்தார் காப்பீடு என்கின்றனர். காப்பு, ஈடு என்னும் இரண்டு சொற்கள் சேர்ந்து ஆயிற்று. ஈடு என்பது இழந்ததற்குச் சமமாகத் தருவது. காப்பு என்பதோ நமக்குப் பழகிய சொல். திருவிழாத் தொடங்குமுன் கையிற் கட்டுவது காப்பு. நூல் தொடங்குமுன் பாடுவதும் காப்பு. விழா முடிந்தபின் காப்புக் கட்டுவாரும் இல்லை. நூல் முடிந்தபின் காப்புச் செய்யுள் பாடுவாரும் இல்லை. வாணிகத்திலும் அவ்வாறே. உருளை ஏற்றிய வண்டி வாயிலைத் தாண்டுமுன் காப்பு வேண்டும். தீப்பிடித்தபின் தேடினால் கிட்டாது.

பலர் சிறிது சிறிதாகக் கொடுத்துச் சேர்த்த பணத்தைக்கொண்டு, துன்பமுற்ற ஒருவரின் இழப்பை ஆற்றுவதே இதன் அடிப்படை. இது நம்மவர்க்குப் புதிதன்று. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பொதுநிதி சேர்த்து, பள்ளியும் சத்திரமும் நடத்தி, நொடிந்தவரைத் தூக்கிவிட்ட வணிகர் வழக்கம் இந்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. மேல்நாட்டில் 1666-ஆம் ஆண்டு இலண்டன் மாநகர் எரிந்தபின் தீக்காப்பீடு பெருகிற்று. நம் நாட்டில் 1850-இல் கல்கத்தாவில் அத்தகைய கம்பெனி தோன்றிற்று. 1938-இல் தோன்றிய யுனைடெட் இந்தியா சென்னையிலேயே தலைமை இடம் கொண்டது. பெயர் புதிது, பொருள் பழையது.

நால்வருக்கு நால்வகைக் காப்பு

எரிவாயு வாணிகத்தில் விபத்து நேர்ந்தால் நால்வர் துன்பமடைகின்றனர். வாங்குவோர் ஒருவர், அயலார் ஒருவர், உரிமையாளர் ஒருவர், வேலையாள் ஒருவர். நால்வருக்கும் காப்பு வெவ்வேறு. ஒன்றை மற்றொன்றாக எண்ணுவதே நம்மவரிடம் காணும் பெரும்பிழை.

முதலாவது, வாங்குவோர். அரசாங்கத்து எண்ணெய்க் கம்பெனிகள் பொதுப் பொறுப்புப் பாலிஸி எடுத்திருக்கின்றன. இதற்கென வீட்டாரிடம் தனியே பிரீமியம் வாங்குவதில்லை. மத்திய அரசு நாடாளுமன்றத்தில் அளித்த விடைகளின்படி, வாயுவே முதற்காரணமான விபத்தில் இறந்தவர் ஒவ்வொருவர்க்கும் 6 லட்சம் ரூபாய். சிகிச்சைக்கு ஒருவர்க்கு 2 லட்சம் வரை, ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சம் வரை. உடனடி உதவி ஒருவர்க்கு 25,000 வரை. பதிவுபெற்ற வீட்டில் நேர்ந்த பொருட்சேதத்துக்கு 2 லட்சம் வரை. பாலிஸி அவ்வப்போது புதுப்பிக்கப்படுவதாதலின், நடப்பிலுள்ள தொகையை ஏஜன்ஸியாரிடம் கேட்டறிக. விபத்து நேர்ந்தால் வீட்டார் ஏஜன்ஸிக்கு எழுத்து மூலம் உடனே அறிவித்தல் வேண்டும். ஏஜன்ஸியார் எண்ணெய்க் கம்பெனிக்கும், அக்கம்பெனியார் இன்ஷியூரன்ஸ் கம்பெனிக்கும் அறிவிப்பர். போலீஸ் அறிக்கை, மருத்துவச் சீட்டுக்கள் முதலியவற்றை ஒன்றுகூட இழவாது வைத்திருத்தல் வேண்டும். இப்படியொரு காப்பு இருப்பதனையே அறியாது, துக்கத்தோடு கடனையும் சுமக்கும் குடும்பங்கள் உண்டு என்பதனால் இதனை விரித்துரைத்தோம்.

இரண்டாவது, அயலார். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவு போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டதை யாவரும் அறிவர். அங்கே மக்கள் நீதி கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்தனர். அதன் பயனாக 1991-ஆம் ஆண்டில் பொதுப் பொறுப்பு இன்ஷியூரன்ஸ் சட்டம் பிறந்தது. அபாயமான பொருளைக் குறித்த அளவுக்குமேல் கையாள்வோர் கட்டாயமாகப் பாலிஸி எடுத்தல் வேண்டும். துன்புற்றவர் பிறர்மேற் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. மாவட்டக் கலெக்டரிடம் விண்ணப்பித்தால் போதும். விபத்து நடந்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சட்டம் பிறந்தபோது இறந்தவர்க்குக் குறித்த தொகை 25,000 ரூபாயே. அது முதலுதவி போன்றது. அதற்குமேல் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கோரும் உரிமையை அச்சட்டம் பறிக்கவில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், அபாயமான பொருளை ஏற்றும் வண்டிக்கு வழக்கமான மூன்றாம் தரப்புப் பாலிஸியோடு இப்பாலிஸியும் வேண்டும் என்கின்றது. ஓட்டுநரும் அதற்குரிய பயிற்சி பெற்று, லைசென்ஸில் அதனைக் குறிப்பிக்கச் செய்தல் வேண்டும். இரவல் ஓட்டுநரை வைத்து ஒருநாள் வண்டி ஓட்டுவோர் இதனை மனத்திற் கொள்க.

மூன்றாவது, உரிமையாளர். எண்ணெய்க் கம்பெனியின் பாலிஸி தம் கிட்டங்கியையும் காக்கும் என்று சிலர் நம்பியிருக்கின்றனர். அது காவாது. அது துன்புற்ற பிறர்க்கு உரியது. கட்டிடத்துக்கும் சரக்குக்கும் தனியே தீக்காப்பீடு வேண்டும். 2021 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல், ஓரிடத்திலுள்ள சொத்தின் மதிப்பு 5 கோடி வரை உள்ள சிறுதொழில்களுக்குப் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்னும் பாலிஸி வந்துள்ளது. இதில் ஒரு நுட்பம் அறியத்தக்கது. பிரீமியத்தை மிச்சப்படுத்த எண்ணிச் சொத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டுவோர் உளர். 40 லட்சம் மதிப்புள்ளதை 20 லட்சத்துக்கு இன்ஷியூர் செய்தவர்க்கு 10 லட்சம் சேதம் நேர்ந்தால், கம்பெனி 5 லட்சமே தரும். பாதி காத்தவன் பாதியே பெறுவான். நான் சொன்ன பாலிஸி நூற்றுக்கு 15 வரையுள்ள குறைவைப் பொறுத்துக்கொள்ளும், அதற்குமேல் பொறாது.

நான்காவது, வேலையாள். இதனை இறுதியில் வைத்தது சிறப்பின்மையால் அன்று. எல்லோராலும் மறக்கப்படுபவர் இவராதலின் நினைவில் நிற்கும்படி இறுதியில் வைத்தோம்.

வாயு நிறைந்த வீட்டு உருளை ஏறக்குறைய 30 கிலோ கனம். அதனைத் தோளில் ஏற்றி மாடிப்படி ஏறும் தம்பியை நாள்தோறும் பார்க்கின்றோம். கசிவு இருந்தால் முதலில் அறிபவனும் அவனே. முதலில் எரிபவனும் அவனே. பெரும்பாலும் அவன் உரிமையாளருக்கு உறவினன். "நம்ம பையன்தானே" என்று பேரேட்டில் பெயரும் எழுதுவதில்லை. உயிரோடு இருக்கும்வரை உறவு போதும். இறந்தபின் அவன் மனைவிக்கும் குழந்தைக்கும் எழுத்து வேண்டும்.

சட்டம் இதனை நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வேலையிலே இறந்தவர் குடும்பத்துக்கு முதலாளி ஈடு தரவேண்டும் என்றது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அக்கடமையைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. நாட்கூலி என்பதனால் கடமை நீங்கிவிடாது. கணக்கு இதுவே: மாதச் சம்பளத்திற் பாதியை வயதுக்குரிய எண்ணாற் பெருக்குக. 25 வயதுக்குரிய எண் 216.91. 2020 ஜனவரியில் குறிக்கப்பட்ட சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். அதிற் பாதி 7,500. பெருக்கினால் 16,26,825 ரூபாய் வருகின்றது. மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் நூற்றுக்கு 12 வட்டி.

இப்பெருந்தொகையை எந்தச் சிறு ஏஜன்ஸியார் பெட்டியிலிருந்து எடுத்து வைக்க வல்லார்? இ.எஸ்.ஐ. திட்டம் பொருந்தும் இடங்களில் அதிற் சேர்த்தல் வேண்டும். பொருந்தாத சிறு ஏஜன்ஸிகளுக்குத் தொழிலாளர் நஷ்டஈட்டுப் பாலிஸி உண்டு. சம்பளத்தொகையைக் கணக்கிட்டுப் பிரீமியம் வாங்குவர். ஈட்டை நோக்க அது மிகச் சிறியதே. அதனை எடாதவர் இரண்டு குடும்பங்களை ஒருங்கே பணயம் வைக்கின்றனர். வேலையாளின் குடும்பம் ஒன்று, தம் குடும்பம் ஒன்று. இரண்டும் நம் குடும்பங்களே.

காப்பு அழியும் வழிகள்

பாலிஸி எடுத்தவுடன் எல்லாம் முடிந்தது என எண்ணற்க. எடுத்த காப்பு அழியும் வழிகள் சில உள. முதலாவது, பொய். விண்ணப்பத்திற் கேட்டதற்கு உண்மை சொல்லாமை, கிட்டங்கிக்கு அருகே வெல்டிங் பட்டறை இருப்பதை மறைத்தல் போல்வன. இன்ஷியூரன்ஸ் நம்பிக்கையின்மேல் நிற்கும் ஒப்பந்தம்; மறைத்தது வெளிப்பட்டால் ஒப்பந்தம் சாயும்.

இரண்டாவது, விதிமீறல். வீட்டு உருளையை ஹோட்டலுக்குக் கொடுத்தல், ஓர் உருளையிலிருந்து மற்றோர் உருளைக்கோ ஆட்டோ வண்டிக்கோ வாயு மாற்றுதல், லைசென்ஸுக்கு மேற்பட்ட அளவு வைத்தல். இவற்றால் மாதத்துக்குச் சில ஆயிரம் லாபம் வரலாம். விபத்து நாளில் ஆயுள் முழுதும் ஈட்டியது போகும். ஹோட்டல் நடத்தும் சகோதரர்களுக்கும் இதனையே சொல்லுகின்றோம்: விலை குறைவென்று வீட்டு உருளையை வாங்கி எரிப்பவர், அக்கடையில் உண்ண வந்தவருக்கும் காப்பு இல்லாமற் செய்கின்றனர்.

மூன்றாவது, தவணை தவறுதல். 1938-ஆம் ஆண்டின் இன்ஷியூரன்ஸ் சட்டத்திற் பின்னர்ச் சேர்த்த ஒரு பிரிவின்படி, பிரீமியம் முன்னதாகக் கைக்கு வந்தாலன்றிக் கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை. செக் கொடுத்து அது திரும்பிவிட்டால் காப்பும் திரும்பிவிடும்.

முறையாக நடந்தவர்க்குக் கம்பெனி மறுத்துவிட்டாலோ? முதலில் கம்பெனிக்கே எழுத்து மூலம் முறையிடுக. அங்கே தீராவிடின், சென்னையில் இன்ஷியூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகம் உண்டு. அங்கே முறையிடக் கட்டணம் இல்லை. தனிமனிதரும் சிறுதொழிலாரும் அதனை அணுகலாம்.

இரண்டு மறுப்புக்கள்

சிலர், "இருபது ஆண்டாக ஏஜன்ஸி நடத்துகிறோம்; ஒன்றும் நடக்கவில்லை; கட்டிய பிரீமியம் எல்லாம் வீண்" என்கின்றனர். கோயிற் காவலனுக்கு ஆண்டுதோறும் சம்பளம் கொடுக்கின்றோம். திருடன் வராத ஆண்டில் அது வீண் என்போமா? வராததே லாபம். வேறு சிலர், "ஆண்டவன் காப்பான்" என்கின்றனர். யாமும் அங்ஙனமே நம்புகின்றோம். ஆயினும் சந்நிதியில் தீபாராதனை முடிந்தபின் அர்ச்சகரும் கதவைப் பூட்டிவிட்டே செல்கின்றார்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. "பாலிஸி இருக்கிறதே" என்று கருத்தின்றி நடப்பது அது. ஈடு என்பது பணம். பணம் கூரையைத் திரும்பக் கட்டும். வெந்த உடலைப் பழையபடி ஆக்காது. ஆதலின் விழிப்பே முதற்காப்பு, பாலிஸி இரண்டாங்காப்பு.

சங்கம் செய்யத்தக்கது

இதுவரை கூறியவை கேட்டு மறத்தற்குரியன ஆகாமைப்பொருட்டு, சங்கத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஏஜன்ஸி, ஹோட்டல், உருளை வண்டி நடத்தும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கொருமுறை சித்திரை மாதத்தில் தம் பாலிஸிகளைச் சங்கக் காரியதரிசியிடம் காட்டி, முடியும் தேதியைக் குறித்துவைக்கச் செய்க. அக்குறிப்பில் முதல் வரி வேலையாட்களின் பெயர்களாக இருக்கட்டும். வணிகக் கணக்கும் சட்டமும் கற்ற நம் இளைஞர் இருவர், விபத்துற்ற குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதித் தரும் பணியை ஏற்றுக்கொள்க. மாதர் கூட்டங்களில் ரெகுலேட்டரை மூடும் முறை, வாஷர் பார்க்கும் முறை, கசிவைச் சோப்பு நுரையாற் கண்டறியும் முறை ஆகியவற்றைக் கற்பிக்க. எம் போன்ற ஆசிரியர்கள் பள்ளியில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்குவோம். குழந்தை கற்றால் வீடு கற்கும்.

பெரியோர்களே! மகமை கொடுத்துப் பொதுநிதி வளர்த்தவர்கள் தம் பிள்ளைகளுக்காக மட்டும் அதனைச் செய்யவில்லை. ஊரிலுள்ள எவர் பிள்ளையும் கெடலாகாது என்றே செய்தார்கள். அந்நினைவோடு இங்கிருந்து செல்வோம். ஏஜன்ஸி உடைய சகோதரர்கள், நாளைக் காலையில் கடையைத் திறந்தவுடன் உருளைகளை எண்ணுமுன், அவற்றைச் சுமப்போர் எத்தனை பேர் என்று எண்ணி, அவர்கள் பெயரைப் பேரேட்டில் எழுதுவார்களாக. அதுவே இக்கூட்டத்துக்கு வந்ததன் பயனாகும்.